கேரக்டர் ஆணா பெண்ணா: முதல் திரையில் நிற்கும் தம்பிக்கு

திருகோணமலை உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். உயர்தரப் பரீட்சை முடிந்து, முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிறார். மாஸ் எஃபெக்ட் என்ற விண்வெளிக் கதை கேமின் மூன்று பாகங்களும் சேர்ந்த லெஜெண்டரி எடிஷனை, கிட்டத்தட்ட 120 ஜிபி, இரவு டேட்டாவில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி முடித்திருக்கிறார். அதில் நாம் ஆடுகிற தளபதியின் பெயர் ஷெப்பர்ட். அவருடைய கேள்வி இதுதான்: "அக்கா, தொடக்கத்திலேயே கமாண்டர் ஷெப்பர்ட் ஆணா பெண்ணா என்று கேட்குது. எனக்குப் பெண்ணை எடுக்க ஆசை. கூட்டாளிமார் பார்த்தால் பகிடி பண்ணுவாங்கள். ஆண் ஒருத்தன் பெண்ணாக விளையாடுறது பிழையா? கதை மாறுமா? சண்டையில் ஏதும் குறையுமா? மூன்று நாளாக அந்தத் திரையிலேயே நிற்கிறேன்."

முதலில் நேரடிப் பதில். பிழை இல்லை. சண்டையில் ஒரு புள்ளிகூடக் குறையாது. கதையின் முதுகெலும்பு மாறாது, காதல் வழிகள் மட்டும் மாறும். ஆசைப்பட்ட மாதிரியே பெண் ஷெப்பர்டை எடுங்கள்.

அவசரம் என்றால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு விளையாடப் போகலாம். ஆனால் மூன்று நாள் நின்றிருக்கிறீர்கள். அந்தத் திரை உங்களிடம் உண்மையில் என்ன கேட்கிறது என்று நானும் பல வருடம் யோசித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2013இல் எங்கள் உவர்மலை வீட்டில் அண்ணாவின் கொம்பியூட்டரில் ஸ்கைரிம் என்ற வாள்சண்டை கேம் இருந்தது. அண்ணா வேலைக்குப் போன பிறகு அது எனக்கு. நான் பெண்பிள்ளை. ஆனாலும் முதல் கேரக்டரை ஆணாகத்தான் செய்தேன். வாள் பிடிக்கிறவன் என்றால் ஆண்தான் என்று மனதில் எப்படியோ பதிந்திருந்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. மூன்றாம் நாள் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தா. "யார் இவன்?" என்று கேட்டா. "நான்தான் அம்மா" என்றேன். "நீயோ? மலையில ஏறமாட்டாமல் நிக்கிறான், பார்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டா.

அந்த 'நிக்கிறான்' எனக்குள் எங்கேயோ தட்டியது. மூன்று நாளாக நான் 'நான்' என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா வாயில் ஒரு சொல் வந்ததும்தான் அவன் வேறு ஆளாகத் தெரிந்தான். அன்று இரவே புதிதாகத் தொடங்கி ரெட்கார்ட் இனப் பெண் ஒருத்தியைச் செய்தேன். பெயர் கொற்றவை. கேமில் தமிழ் எழுத்து இல்லாததால் ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

தமிழில் 'நான் வந்தேன்' என்றால் சொன்னவர் ஆணா பெண்ணா என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 'நீ வந்தாய்' என்றாலும் இல்லை. 'வந்தான்', 'வந்தாள்' என்று இன்னொருவர் சொல்லும்போதுதான் பால் வருகிறது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்தோமே, அதுதான். பால் நம் மொழியில் படர்க்கையில்தான் இருக்கிறது. கேமுக்குள்ளும் அப்படித்தான். விளையாடுகிற நீங்கள் 100 மணி நேரமும் 'நான்'. அந்த உலகத்தில் இருக்கிறவர்கள் உங்களைப் பற்றி என்ன சொல்லப்போகிறார்கள், எப்படி நடத்தப்போகிறார்கள் என்பதை மட்டும்தான் அந்தத் திரையில் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஆகவே எந்த கேமிலும் தொடங்குமுன் கேட்கவேண்டியது ஒன்று. இந்த உலகத்தில் என்னைப் பற்றிப் பேசுகிற வாய்கள் யாருடையவை?

உங்கள் கேமையே எடுப்போம். மாஸ் எஃபெக்டில் ஷெப்பர்டுக்கு முதற்பெயரை நீங்கள் என்னவென்றும் வைக்கலாம், யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். எல்லாரும் 'ஷெப்பர்ட்' அல்லது 'கமாண்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் பதிவு செய்த கேமில் ஆயிரக்கணக்கான வசனங்களை ஆணுக்கு ஒரு தரம், பெண்ணுக்கு ஒரு தரம் என்று எல்லாப் பாத்திரங்களையும் வைத்துப் பதிவு செய்ய முடியாது. குடும்பப் பெயரும் பதவியும் அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன. நாம் 'கமாண்டர் வந்தார்' என்று எழுதுவது மாதிரி. பேச்சில் நாங்கள் அவர், அவா என்று மரியாதையிலும் பிரிப்போம். எழுத்தில் அந்த 'வந்தார்' இருவருக்கும் பொது. 2007இல் முதல் பாகம் வந்தபோது அதைத் தயாரித்த பயோவேர் நிறுவனம் செய்தது ஏறக்குறைய இதைத்தான்.

ஆண் ஷெப்பர்டுக்கு மார்க் மீர், பெண் ஷெப்பர்டுக்கு ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்தார்கள். வசனம் பெரும்பாலும் ஒன்றே. உடல் அசைவையும் பெரும்பாலும் ஆணுக்குச் செய்ததையே பெண்ணுக்கும் போட்டார்கள். இரண்டாம் பாகத்தின் பழைய பதிப்பில் ஒரு விருந்துக்காக ஷெப்பர்ட் குட்டைக் கவுன் போடவேண்டி வரும். அந்த உடையோடு அவள் கதிரையில் அமரும்போது ஆண் ஷெப்பர்ட் அமர்கிற மாதிரியே இரண்டு காலையும் அகட்டிவைத்து அமர்வாள். வளர்ந்த பெண் யாரும் அந்த உடையில் அப்படி அமரமாட்டாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் இந்த உருவத்துக்குள் ஓர் ஆணின் எலும்புக்கூடு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஆனாலும் நான் பெண் ஷெப்பர்டையே சிபாரிசு செய்கிறேன், அதற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். வசனம் பொதுவானதால், பெண் என்பதற்காக அவளிடம் பெரும்பாலும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. அவளும் யாரிடமும் நிரூபிக்கப் போவதில்லை. தளபதி உத்தரவு கொடுக்கிறாள், கப்பல் கிளம்புகிறது. பெண் அதிகாரி என்றாலே 'பெண்ணாக இருந்தும்' என்று இரண்டு காட்சி வைக்காமல் நம் நாடகங்களில் ஒன்றையும் பார்க்க முடியாது. இங்கே அந்தச் சுமை இல்லை. அதோடு ஜெனிஃபர் ஹேலின் குரல். கோபத்தைத் தொண்டைக்குள் அடக்கிப் பேசுகிற இடங்களில் அவர் செய்வதை, மார்க் மீர் நன்றாகச் செய்திருந்தும், நான் ஒரு படி மேலே வைப்பேன்.

காதல் வழிகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாகத்தில் ஆஷ்லி ஆண் ஷெப்பர்டுக்கு, கைடன் பெண் ஷெப்பர்டுக்கு, லியாரா இருவருக்கும். இரண்டாம் பாகத்தில் கேரஸ், தேன், ஜேக்கப் மூவரும் பெண்ணுக்கு; டாலி, மிராண்டா, ஜாக் மூவரும் ஆணுக்கு. டாலிதான் வேண்டும் என்று மனதில் முடிவு செய்திருந்தால் ஆணை எடுக்கத்தான் வேண்டும். வேறு எந்த இடத்திலும் தேர்வு உங்களைப் பெரிதாகக் கட்டிவைக்காது.

மூன்றாம் பாகம் வந்த காலத்தில் பயோவேர் வெளியிட்ட கணக்கில் பெண் ஷெப்பர்டை எடுத்தவர்கள் 18 வீதம். 2021இல் லெஜெண்டரி எடிஷன் வந்த பிறகு வெளியிட்ட கணக்கில் அது 32 வீதம். ஆகவே கூட்டாளிமாரிடம் சொல்லலாம், மூன்று பேரில் ஒருவர் உங்கள் கட்சி. முதல் பாகத்தின் பெட்டியில் ஆண் ஷெப்பர்டின் முகம் மட்டும்தான் இருந்தது. பெண்ணுக்கென்று ஒழுங்கான ஒரு முகத்தைச் செய்து அட்டையின் மறுபக்கத்தில் அச்சடித்தது மூன்றாம் பாகத்தில்தான். 18 வீதம் என்பதைப் படிக்கும்போது அந்தப் பெட்டியையும் ஞாபகத்தில் வைக்கவேண்டும். கடைக்காரர் பலகாரத்தை உள்ளே ஒளித்துவைத்துவிட்டு, யாரும் கேட்கவில்லை என்று சொன்னால் எப்படி?

எண்களில் வித்தியாசம் வைத்த காலமும் இருந்தது. காகிதத்திலும் பகடையிலும் விளையாடுகிற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தில் பெண் கேரக்டரின் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். இதற்கு நடுவில், 1983இல் வந்த அல்டிமா மூன்றாம் பாகம் ஆண், பெண், மற்றையது என்று மூன்று தெரிவு கொடுத்தது. நாற்பது வருடத்துக்கு முந்திய கேம்! இன்றைக்குப் புதிதாக ஏதோ வந்துவிட்டது என்று சத்தம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். போகிமொன் 1996இல் பொடியனை மட்டும் வைத்துத்தான் தொடங்கியது. பெண்பிள்ளையாக விளையாட 2000இல் கிரிஸ்டல் வரும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இப்போது பெரும்பாலான கேம்களில் எண் வித்தியாசம் கிடையாது. இருந்தாலும் சில்லறைதான். ஸ்கைரிமில் பேச்சுத் திறமையில் ஒரு படி இருக்கிறது, அதை எடுத்தால் எதிர்ப்பாலினக் கடைக்காரர்களிடம் விலை 10 வீதம் நன்றாகக் கிடைக்கும். ஃபால்அவுட் 3இல் எதிர்ப்பாலினத்தவர் மீது 10 வீதம் கூடுதல் சேதமும் சில தனி வசனங்களும் கொடுக்கிற திறமை உண்டு. இவற்றுக்காக யாரும் பாலைத் தேர்ந்தெடுக்கவேண்டாம். கொற்றவைக்கும் அண்ணாவின் நோர்ட் இன வீரனுக்கும் வைட்ரன் நகரத்துத் தலைவர் ஒரே பட்டத்தைத்தான் கொடுத்தார். இருவரும் யாரையும் மணக்கலாம். அந்த உலகத்தின் வாய்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

கவலைப்படுகிற உலகங்களும் உண்டு. டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸ், 2009. மனிதப் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவராகத் தொடங்கினால், ஆண் என்றால் அரசி அனோராவை மணந்து அவள் பக்கத்தில் அமரலாம். பெண் என்றால் அரச வாரிசான அலிஸ்டரை மணந்து தானே அரசியாகலாம். கூட வருகிற சூனியக்காரி மொரிகன் ஆணை மட்டும் நெருங்கவிடுவாள், அலிஸ்டர் பெண்ணை மட்டும். அங்கே பால் என்பது அரசியல். அந்த மாதிரி கேமில் மூன்று நாள் யோசித்தாலும் பரவாயில்லை.

இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, அதைப் பற்றி யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

போன வருடம் என் மச்சாளின் மகள், ஒன்பது வயது, டச்சு வளைகுடாக் கடற்கரையில் என் போனை வாங்கி கென்ஷின் இம்பாக்ட் தொடங்கினாள். பின்னேரம், கச்சான் சுருளை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். தொடக்கத்தில் இரட்டையர் இருவர் வானத்தில் நிற்பார்கள், அண்ணனும் தங்கையும். ஒருவரைத் தொட்டால் அவர் நீங்கள். மற்றவரை ஒரு தெய்வம் பிடித்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பிறகு முழுக் கதையும் போனவரைத் தேடுவதுதான். பிள்ளைக்கு இது தெரியாது. தங்கையைத் தொட்டாள். அண்ணன் மறைந்தான். போனை என்னிடம் நீட்டி, "அத்தை, திருப்பிப் போடுங்கோ, அண்ணா போயிட்டான்" என்றாள். அவளுடைய சொந்த அண்ணா கத்தாருக்குப் போய் எட்டு மாதம். திருப்பிப் போட முடியாது என்று விளங்கப்படுத்தினேன். அந்த கேமில் எடுத்தது எடுத்ததுதான். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, "சரி, அப்ப நான் தேடுறன்" என்று திரும்ப வாங்கினாள்.

அவள் தேர்ந்தெடுத்தது யார் தேடுகிறார், யார் தொலைகிறார் என்பதை. எங்கள் ஊரில் காணாமல் போன அண்ணனைப் படத்தோடு தேடுகிற தங்கச்சி என்பது கதையில் மட்டும் வருகிறவள் இல்லை. ஒரே கதைதான், ஒரே வசனம்தான். ஆனால் அண்ணன் தங்கையைத் தேடுவதும் தங்கை அண்ணனைத் தேடுவதும் நமக்கு ஒரே கதை ஆகுமா?

அசாசின்ஸ் கிரீட் ஒடிசியிலும் (2018) இதே வேலை நடக்கிறது. கசாண்ட்ரா, அலெக்சியோஸ் என்று சகோதரர் இருவர். நீங்கள் எடுக்காதவர் டெய்மோஸ் என்ற பெயரில் எதிரியாக வந்து நிற்பார். என் சிபாரிசு கசாண்ட்ரா. அந்தக் கதை முதலில் அவளை மட்டும் வைத்தே திட்டமிடப்பட்டது என்றும், பெண்ணைத் தனியாக வைத்தால் விற்காது என்ற எண்ணத்தில் அலெக்சியோஸ் சேர்க்கப்பட்டான் என்றும் 2020இல் செய்தி வந்தது. விளையாடிப் பார்த்தால் கதை அவள் மேல்தான் சரியாகப் பொருந்துகிறது. ஃபால்அவுட் 4இல் கணவனும் மனைவியும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நிற்பார்கள். கணவன் படையில் இருந்தவன், மனைவி சட்டம் படித்தவள். யாரை எடுத்தாலும் மற்றவர் கொல்லப்பட்டுக் குழந்தை கடத்தப்படும். பிள்ளையைத் தேடும் தகப்பனா, பிள்ளையைத் தேடும் தாயா? கேமில் அதற்கென்று வசனம் அதிகம் மாறாது. மாறுவது உங்கள் மனதில். இப்படி 'மற்றவர்' ஒருவர் இருக்கிற கேம்களில் நீங்கள் யாராக இருக்க ஆசை என்று யோசிப்பதைவிட, யாரை இழந்தால் உங்களுக்கு வலிக்கும் என்று யோசியுங்கள்.

கேரக்டரின் கண்வழியே பார்த்து ஆடுகிற கேம்களில் கதை வேறு. சைபர்பங்க் 2077இல் உங்கள் உருவத்தை நீங்களே அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள், மற்றபடி கேட்பது குரல் மட்டும். அங்கே உடல் ஒரு தெரிவு, குரல் இன்னொரு தெரிவு. மற்றவர்கள் உங்களை எந்தப் பாலில் சொல்வார்கள் என்பதைக் குரல்தான் முடிவு செய்யும். அது பெரியவர்களுக்கான கேம், சின்னத் தம்பி தங்கச்சி பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். 100 மணி நேரக் கேமை இரண்டாம் தரம் விளையாட நேரம் இல்லாதவர்களுக்கு அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா வசதி. அதில் நாம் ஆடுகிற ஐவோரை எந்த நேரத்திலும் ஆண் பெண் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிக்கொண்டே இருந்தால் யாரோடும் ஒட்டாது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு போவதுதான் நல்லது.

இனிப் பகிடி விஷயம்.

என் அம்மப்பா மூதூர்ப் பக்கம். இளவயதில் கூத்தில் பெண் வேடம் கட்டினவர். அந்தக் காலத்தில் கூத்தில் பெண் பாத்திரம் எல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்கள். பகலில் வயலில் நிற்கிற மனுசன், இரவில் சேலையும் சலங்கையும். ஊரில் ஒருவரும் அவரைப் பகிடி பண்ணவில்லை. வடிவாகப் பெண் வேடம் கட்டுகிறவனுக்கு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் தனி மதிப்பு. அவர் ஒன்று சொல்வார்: "சேலை கட்டினவுடன நான் பெண்ணாகேல்ல. அண்ணாவியார் வரவுப் பாட்டில 'வந்தாளே' எண்டு இழுத்தவுடன கால் தானாக மாறும்." அம்மா அன்று 'நிக்கிறான்' என்று சொன்னதும் இந்த 'வந்தாளே'யும் ஒன்றுதான் என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. அவரும் வேடம் முழுக்க உள்ளே 'நான்'தான். சுற்றியிருந்த வாய்கள் பாலைக் கொடுத்தன, கால் அதைக் கேட்டு நடந்தது.

அதற்கும் முந்தியது தலைவி கூற்று. சங்கப் பாட்டில் காத்திருக்கிற பெண்ணின் மனதை அவள் வாயாலேயே சொன்னவர்களில் எத்தனையோ பேர் ஆண் புலவர்கள். மார்கழியில் விடிய முன்னம் எங்கள் கோயில்களில் பாடுகிற திருவெம்பாவை, பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எழுப்புகிற பாட்டு. பாடியவர் மாணிக்கவாசகர். பக்கத்தில் நின்று பாடுகிற ஐயாமார் யாராவது வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. தம்பி, உங்கள் கூட்டாளிமார் இனிமேல் பகிடி பண்ணினால் அவர்களோடு சண்டை வேண்டாம். பெண்ணாக நின்று பார்ப்பதை நம் ஆட்கள் எப்போதோ ஒரு கலையாக வைத்திருந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பெண் கேரக்டர் எடுக்கிற ஆண்கள் பலர் சொல்கிற "100 மணி நேரம் முதுகைப் பார்க்கிறதென்றால் வடிவான முதுகாக இருக்கட்டும்" என்ற காரணத்தை மட்டும் நீங்கள் சொல்லவேண்டாம். அப்படி எடுத்தால் அவள் ஒரு பொம்மையாகத்தான் மிஞ்சுவாள். அவள் எடுக்கிற முடிவுகளை நீங்கள் எடுக்கிறீர்கள். அதற்கு ஏற்ற மரியாதையோடு எடுங்கள்.

தனியாக விளையாடும் கேம் வரை நான் சொன்னது சரி. எதிரே உண்மையான மனிதர்கள் இருக்கிற ஒன்லைன் கேம் என்றால் அங்கே பேசுகிற வாய்கள் எழுதி வைத்தவை இல்லை.

நான் ஓர் ஒன்லைன் கேமில் இரண்டு வருடம் இருந்தேன். பெண் கேரக்டர், பெண் பெயர். முதல் வாரம் ஆளாளுக்குச் சாமான் தந்தார்கள், வழி காட்டினார்கள். இரண்டாம் வாரம் "உண்மையில பெண்ணா? மைக் போடு" என்றார்கள். போட்டேன். மூன்றாம் வாரம் சாமான் தந்த ஒருவர் என் நம்பரைக் கேட்டார், கொடுக்காததற்கு எழுதக்கூடாத வார்த்தையெல்லாம் எழுதினார். முறைப்பாடு செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஆண் கேரக்டர் ஒன்றைச் செய்து, மைக்கை நிறுத்திவிட்டு விளையாடினேன். ஒரே ஆள், ஒரே திறமை. பிழை விட்டால் "பரவாயில்லை மச்சான்" என்றார்கள். அந்த நிம்மதி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த நிம்மதிக்காக என் குரலை விட்டுக்கொடுத்தேன் என்ற கோபமும் இருக்கிறது. ஸ்கைரிமில் நான் முதலில் ஆணை எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒன்றில் யோசிக்காமல் எடுத்தேன், மற்றதில் பயந்து எடுத்தேன்.

2014இல் வெளியான ஓர் ஆய்வில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஒன்லைன் கேம் ஆடுகிறவர்களைக் கவனித்திருந்தார்கள். ஆண்களில் 23 வீதம் பேர் பெண் கேரக்டர் எடுத்தார்கள், பெண்களில் 7 வீதம் பேர் ஆண் கேரக்டர். பெண் உருவத்தில் வந்த ஆண்கள் எழுதுகிற விதத்தில் கொஞ்சம் மாறினார்கள், உணர்ச்சிச் சொற்களும் ஆச்சரியக்குறிகளும் கூடின. ஆனால் நடமாட்டம் மாறவில்லை. கூட்டத்தில் இருந்து தள்ளி நிற்பதும், காரணமில்லாமல் துள்ளுவதும் மற்ற ஆண்கள் மாதிரியே இருந்தன. எனக்கு அம்மப்பாவின் கால்தான் ஞாபகம் வந்தது. அவர் கால் மாறப் பல மாதம் பழகியிருக்கிறார்.

ஆகவே ஒன்லைனில் பெண் கேரக்டர் எடுப்பதில் பிழை இல்லை, தாராளமாக எடுங்கள். பெண் என்று நினைத்து யாராவது சாமான் தந்தால் மட்டும் "அண்ணா, நான் பொடியன்" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் ஏமாற்றி வாங்குகிற ஒவ்வொன்றுக்கும் பிறகு வருகிற உண்மையான பெண்பிள்ளையிடம்தான் "மைக் போடு" என்று கணக்குக் கேட்பார்கள். ஒரு கிழமை அப்படி விளையாடிப் பார்த்தால் உங்களுக்கு வருகிற செய்திகளில் இருந்தே, உங்கள் தங்கச்சி ஏன் மைக் போடுவதில்லை என்பது விளங்கும்.

இந்தத் தேர்வு ஆசை, ரசனை என்ற அளவில் முடியாத ஆட்களும் இருக்கிறார்கள். என்னிடம் கணக்குப் படித்த ஒருவர், யார் என்று சொல்லமாட்டேன், படிப்பு முடிந்து இரண்டு வருடத்துக்குப் பிறகு சொன்னார்: ஒரு கேமில் மற்றவர்கள் தன்னைச் சரியான சொல்லால் குறிப்பிட்டதுதான் வாழ்க்கையில் முதல் தடவை என்று. வீட்டிலோ தெருவிலோ அந்தச் சொல் அவருக்குக் கிடைக்கவில்லை. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 உடல், குரல், எந்தச் சொல்லால் குறிப்பிடவேண்டும் என்பதைத் தனித்தனியாகக் கேட்கிறது. கூட வருகிற தோழர்களும் அதை வைத்துக் காதலைத் தீர்மானிப்பதில்லை. அதே வருடம் வந்த ஹொக்வார்ட்ஸ் லெகசியிலும் உருவமும் குரலும் ஒன்றுக்கொன்று கட்டுப்படாதவை. இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு அந்த ஒருவர் சொன்னதைத்தான் நான் சொல்வேன். உங்களுக்கு அந்தத் திரை மூன்று நாள். அவருக்கு அது பதினெட்டு வருடம்.

சரி, உங்கள் திரைக்கு வருவோம்.

பெண்ணைத் தேர்ந்த பிறகு, முகத்தோடு மல்லுக்கட்டவேண்டாம். லெஜெண்டரி எடிஷனில் மூன்றாம் பாகத்து முகத்தை மூன்று பாகத்துக்கும் போட்டிருக்கிறார்கள், செம்பட்டை முடியோடு, அது நன்றாகவே இருக்கிறது. அடுத்து இரண்டு கேள்வி வரும்: எங்கே வளர்ந்தவள், படையில் எப்படிப் பெயரெடுத்தவள். ஆணா பெண்ணா என்பதற்கு மூன்று நாள் கொடுத்தவர்கள் இந்த இரண்டையும் மூன்று நொடியில் தட்டிவிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். உண்மையில் முதல் பாகத்தில் பாலைவிட இவைதான் அதிகம் பேசப்படும்.

எங்கே வளர்ந்தவள் என்பதற்குக் காலனிஸ்ட் என்பதை எடுங்கள். பதினாறு வயதில் அடிமை வியாபாரிகள் தாக்கி, குடும்பத்தையும் ஊரையும் இழந்து தப்பினவள் என்று அர்த்தம். அதை எடுத்தால் மட்டும் பிற்பாடு சிட்டாடல் என்ற விண்வெளி நிலையத்தின் கப்பல் துறையில் ஓர் இளம்பெண்ணைச் சந்திப்பீர்கள். டாலித்தா. ஷெப்பர்டின் அதே ஊர். அவள் தப்பவில்லை, பிடிபட்டு வருடக்கணக்கில் அடிமையாக இருந்து இப்போதுதான் மீட்கப்பட்டவள். கையில் துப்பாக்கி, நடுங்கிக்கொண்டு நிற்பாள். நீங்கள் ஓர் அடி வைத்து, ஒரு சொல் பேசி, இன்னோர் அடி வைக்கவேண்டும்.

அவள் பேசுவதைக் கவனியுங்கள். தன்னைப் பற்றி அவள் 'நான்' என்று சொல்லமாட்டாள். 'அவள்' என்பாள். அவளுக்கு வலிக்கிறது, அவளைப் பார்க்கவேண்டாம், அவளால் எழும்ப முடியாது. இத்தனை வருடம் மற்றவர்கள் வாயில் மட்டும் இருந்ததால் அவளிடம் படர்க்கை மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. நீங்கள் அவசரப்படாமல், பொய் சொல்லாமல், பக்கத்தில் போனால், கடைசியில் ஓர் இடத்தில் 'அவள்' என்று தொடங்கித் தடுமாறி 'நான்' என்பாள்.

பேச்சு பிழையாகப் போனால் அந்தப் பெண் உயிரோடு இல்லாமல் போகலாம். துறைக்குள் போகுமுன் சேவ் பண்ணிக்கொள்ளுங்கள்.